ஐந்து நட்சத்திரப் பையன்களை எண்ணினால் கோப்பை வந்துவிடுமா? (இண்டியானா ஜெயித்த கையோடு)

20 ஜனவரி 2026, கேள்வி

அண்ணா, நேற்று ராத்திரி கல்லூரி ஃபுட்பால் (அமெரிக்க ஃபுட்பால்தான்) இறுதி ஆட்டத்தில் இண்டியானா மயாமியை 27-21 என்று அடித்ததைப் பார்த்தேன். இத்தனை வருடமாக, பள்ளிப் பையன்களுக்கு ஐந்து வரை நட்சத்திரம் போட்டு வரிசைப்படுத்தும் ரெக்ரூட்டிங் பட்டியலை வைத்துக்கொண்டு யார் ஜெயிப்பார்கள் என்று சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தோமே, அதெல்லாம் வீண்தானா? என் கட்சி இதுதான்: கூடைப்பந்தில் நட்சத்திரம் செல்லும், ஃபுட்பாலில் இனிமேல் செல்லாது. சரியா தப்பா சொல்லுங்கள். (ஒஹாயோவில் இருக்கும் மதுரைக்காரன்)

20 ஜனவரி, இரவு

எனக்கு அப்படியே தலைகீழாகத் தோன்றுகிறது தம்பி. முதல் வருடப் பையன்களை நம்பி மார்ச் மாத தேசியப் போட்டியில் தோற்று வீட்டுக்குப் போன கூடைப்பந்து அணிகள் வரிசைகட்டி நிற்கின்றன. ஃபுட்பாலில் பட்டியல் இன்றைக்கும் பெரும்பாலும் பலிக்கிறது. நேற்று நடந்தது விதிவிலக்கா, புது விதியா என்பதில்தான் சண்டை. தொண்டை கட்டிவிட்டது, நாளைக்கு எழுதுகிறேன்.

ஒன்று மட்டும். இண்டியானா 16 வெற்றி, தோல்வியே இல்லை, 16-0 என்று முடித்திருக்கிறது. இதற்கு முன் அப்படி முடித்தது 1894-இல் யேல். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் நம் குவாட்டர்பேக் ஃபெர்னாண்டோ மென்டோசா பள்ளியில் படிக்கும்போது சேருகிறேன் என்று முதலில் வாக்குக் கொடுத்திருந்ததும் அதே யேலுக்குத்தான். இதை நான் இட்டுக்கட்டவில்லை.

21 ஜனவரி

நான் இண்டியானாபோலிஸுக்கு வடக்கே குடியிருக்கிறேன். இந்த ஊருக்கு வந்த புதிதில் அக்டோபர் மாதத்திலேயே ஆபீஸில் எல்லோரும் கூடைப்பந்து பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஃபுட்பால் சீசன் பாதிகூட ஓடியிருக்காது. இண்டியானா கல்லூரி இருக்கும் புளூமிங்டனில் ஃபுட்பால் மைதானத்துக்கு வெளியே வண்டியை நிறுத்தி, அடுப்பு மூட்டி, கறி சுட்டு, பீர் குடித்து, ஆட்டம் தொடங்கியதும் பாதிப் பேர் உள்ளே போகாமல் அங்கேயே இருந்துவிடுவார்கள். உள்ளே போய் என்ன பார்ப்பது என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே கூடைப்பந்து அரங்கம், அசெம்பிளி ஹால். அங்கே 1940, 1953, 1976, 1981, 1987 என்று தேசியப் பட்டம் வாங்கிய ஐந்து கொடிகள் தொங்குகின்றன. 1976-இல் கோச் பாப் நைட்டின் அணி 32-0. ஆண்கள் கூடைப்பந்தில் அதற்குப் பிறகு இன்றுவரை தோற்காமல் பட்டம் வாங்கியவர்கள் யாருமில்லை. அப்படிப்பட்ட ஊரில் ஃபுட்பால் அணி 2023-இல் 3-9. மொத்த வரலாற்றில் அதிகமாகத் தோற்ற பெரிய கல்லூரி அணி எது என்றால் 2025 சீசன் தொடங்கும்போது விடை இண்டியானாதான்.

அங்கே 2023 நவம்பர் கடைசியில் ஃபுட்பால் கோச்சாகக் கர்ட் சிக்னெட்டி வந்தார். நான் ஜெயிப்பவன், வேண்டுமானால் கூகிளில் தேடிக்கொள்ளுங்கள் என்று நிருபர்களிடம் சொன்னார். எங்கள் ஆபீஸில் எல்லோரும் சிரித்தோம். 2024-இல் 11-2. ஒஹாயோ ஸ்டேட்டிடம் 38-15, தேசியப் பட்டத்துக்கான பிளே ஆஃப் சுற்றில் நோட்ர டேமிடம் 27-17, இந்த இரண்டுதான் தோல்வி. சிரித்தவர்கள் சத்தம் அடங்கியது. ஆனாலும் 'அட்டவணை லேசு' என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தோம். 2025-இல் இலினாயை 63-10, ஓரிகனை அவர்கள் ஊரிலேயே 30-20, பிக் டென் என்ற தங்கள் லீக்கின் இறுதியில் ஒஹாயோ ஸ்டேட்டை 13-10, பிளே ஆஃபில் ரோஸ் போல் ஆட்டத்தில் அலபாமாவை 38-3, திரும்பவும் ஓரிகனை 56-22. ரோஸ் போல் அன்றைக்கு முணுமுணுப்பும் போயிற்று.

இந்த அணியில், பெரிய பட்டியல்களில் நான்கு, ஐந்து நட்சத்திரம் வாங்கியவர்கள் மிகச் சிலரே. அணியில் பாதிப் பேராவது நான்கு நட்சத்திரத்துக்கு மேல் இருந்தால்தான் பட்டம் கிடைக்கும் என்பதுதான் ரெக்ரூட்டிங் எழுதுகிறவர்களின் 'புளூ சிப்' கணக்கு. பத்து வருடத்துக்கும் மேலாக அது பொய்த்ததே இல்லை. இப்போது பொய்த்திருக்கிறது, அதுவும் ஒரு மயிரிழையில் இல்லை. தம்பியின் கேள்விக்கு உயிர் இருப்பது இங்கேதான்.

21 ஜனவரி, மறுபடியும்

மயாமிக்காரர் ஒருவர், "மென்டோசா எங்கள் ஊர்ப் பையன், எங்கள் கோச் கண்ணில் படாமல் விட்டுவிட்டார்" என்று புலம்பியிருக்கிறார். ஊர் சரிதான். மயாமியில் கிறிஸ்டோபர் கொலம்பஸ் பள்ளி. மயாமி கோச் மரியோ கிறிஸ்டோபாலும் அதே பள்ளியில் படித்தவர். ஆனால் கிறிஸ்டோபால் மயாமிக்கு வந்து சேர்ந்ததே 2021 டிசம்பரில். மென்டோசா 2022-இல் கல்லூரிக்குப் போன செட். பையனை வருடக்கணக்காகப் பார்த்திருக்க வேண்டியவர்கள் அவருக்கு முன்னால் இருந்தவர்கள். கடைசியில் கலிபோர்னியாவில் பெர்க்லிதான் கூப்பிட்டது, யேலை விட்டுவிட்டு அங்கே போனார். 2024 டிசம்பரில் இண்டியானாவுக்கு மாறினார். 2025 டிசம்பரில் ஹைஸ்மன், அதாவது வருடத்தின் சிறந்த கல்லூரி ஃபுட்பால் ஆட்டக்காரர் விருது.

பழி யார்மேல் போட்டாலும், நேற்று முன்தினம் நான்காவது, அதாவது கடைசி முயற்சியில் பந்தைத் தானே தூக்கிக்கொண்டு 12 கெஜம் ஓடி, இரண்டு பேர் இடித்தும் விழாமல், கையை நீட்டிக் கோட்டுக்கு உள்ளே பாய்ந்தாரே, அதை மயாமி சொந்த மைதானத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. கடைசியில் பந்தைப் பிடுங்கி ஆட்டத்தை முடித்த ஜமாரி ஷார்ப்பும் மயாமிப் பையன்தான். புலம்பட்டும், பாவம்.

23 ஜனவரி

சிக்னெட்டி ஏதோ நட்சத்திரங்களை எதிர்த்துப் புரட்சி செய்தவர் மாதிரி சிலர் எழுதுகிறீர்கள். 2007-இலிருந்து 2010 வரை அவர் அலபாமாவில் கோச் நிக் சேபனிடம் ரெக்ரூட்டிங் பொறுப்பாளர். ஜூலியோ ஜோன்ஸ், மார்க் இங்ரம், டிரென்ட் ரிச்சர்ட்சன் எல்லாம் அந்தக் காலத்தில் வந்தவர்கள். நட்சத்திரங்களை மூட்டை கட்டிக் கொண்டுவந்து இறக்கியவரே இவர்தான். அதை விட்டுவிட்டு 2011-இல் குறைந்த சம்பளத்துக்கு இரண்டாம் டிவிஷன் கல்லூரிக்குத் தலைமைக் கோச்சாகப் போனார். அந்தக் கல்லூரி பென்சில்வேனியாவில் இருக்கும் இண்டியானா என்கிற ஊரில் இருக்கிறது, பெயரும் இண்டியானா யூனிவர்சிட்டி ஆஃப் பென்சில்வேனியா. என் மைத்துனர் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப இவர் ஊரே மாறலையா மாப்ளே?" என்றார். அப்புறம் ஈலான் கல்லூரி, 2019-இலிருந்து ஜேம்ஸ் மேடிசன் கல்லூரி, அப்புறம்தான் நம்ம இண்டியானா.

ஜேம்ஸ் மேடிசனிலிருந்து வரும்போது பதின்மூன்று பேரைக் கூடவே அழைத்து வந்தார். ஐடன் ஃபிஷர், மிகாய்ல் கமாரா, டி'ஆஞ்சலோ பாண்ட்ஸ், எலைஜா சாரட். சாரட் அதற்கும் முன்பு செயின்ட் பிரான்சிஸ் என்ற சின்னக் கல்லூரியில் ஆடியவர். பாண்ட்ஸ் ஐந்தடி ஒன்பது அங்குலம்தான். ஓரிகனோடு நடந்த அரையிறுதியில் எதிரணியின் முதல் பாஸையே பிடுங்கி ஓடி டச்டவுன் போட்டார். அளவு பார்த்து நட்சத்திரம் கொடுக்கிறவர்கள் அந்த உயரத்துக்கு எத்தனை கொடுப்பார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

சிக்னெட்டி ஒருவன் வளர வாய்ப்பு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை, செய்து காட்டியிருக்கிறாயா என்று பார்க்கிறார். பதினேழு வயதுப் பையன் என்னவாக வளர்வான் என்று ஊகிப்பது ஒரு வேலை. இருபத்திரண்டு வயதுக்காரன் நாற்பது ஆட்டத்தில் என்ன செய்தான் என்று வீடியோ பார்ப்பது வேறு வேலை. நட்சத்திரப் பட்டியல் முதல் வேலைக்கானது. 2021-க்குப் பிறகு ஒரு வருடம் உட்காராமலேயே கல்லூரி மாறலாம் என்று ஆனதிலிருந்து இரண்டாவது வேலைதான் கோப்பை வாங்கித் தருகிறது. என் வாதம் முழுவதும் இவ்வளவுதான்.

24 ஜனவரி

டெக்சஸ் அண்ணாச்சிக்குக் கோபம். "எங்கள் டெக்சஸ் ஏ அண்ட் எம் கல்லூரி 2022-இல் எடுத்த செட்டைப் பார்த்துவிட்டுப் பேசும்" என்கிறார். அண்ணாச்சி, நானே அங்கேதான் வந்துகொண்டிருந்தேன்.

பட்டியல் போட ஆரம்பித்ததிலிருந்து அதிகப் புள்ளி வாங்கிய செட் அதுதான் என்றார்கள். அந்த வருடமே சொந்த மைதானத்தில் அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் 17-14 தோல்வி. சீசன் முடிவில் 5-7. அடுத்த வருடம் நவம்பரில் கோச் ஜிம்போ ஃபிஷரை வீட்டுக்கு அனுப்ப 7 கோடியே 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க ஒத்துக்கொண்டார்கள். வேலையை விட்டுப் போவதற்குச் சம்பளம். எனக்கெல்லாம் மூன்று மாதச் சம்பளத்தோடு ஒரு மின்னஞ்சல்தான் வந்தது (பழைய கம்பெனி, பெயர் வேண்டாம்).

ஆனால் அந்தப் பையன்கள் மட்டமா? வால்டர் நோலன் 2025 என்.எஃப்.எல். டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் வரிசையாக ஆள் எடுப்பது) 16-ஆவது ஆளாகப் போனார், ஷெமார் ஸ்டூவர்ட் 17-ஆவது. நட்சத்திரம் கொடுத்தவர்கள் ஆளைச் சரியாகத்தான் எடைபோட்டிருந்தார்கள். நோலன் டிராஃப்டுக்குப் போகும்போது ஓல் மிஸ் என்ற வேறு கல்லூரியின் சட்டையில் இருந்தார். இவான் ஸ்டூவர்ட் ஓரிகனுக்கும், எல்.டி. ஓவர்டன் அலபாமாவுக்கும், குவாட்டர்பேக் வீக்மன் ஹூஸ்டனுக்கும் போய்விட்டார்கள். நாற்று நட்டவன் ஒருவன், அறுத்தவன் வேறொருவன்.

அதே மாதிரி டிராவிஸ் ஹன்டர். 2022 செட்டில் முதலிடம். ஃபுளோரிடா ஸ்டேட்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, கல்லூரியில் சேரக் கையெழுத்துப் போடும் நாளில் மிசிசிப்பியின் ஜாக்சன் ஸ்டேட்டுக்கு, கோச் டியான் சாண்டர்ஸிடம் போனார். அப்புறம் அவரோடே கொலராடோ. 2024-இல் ஹைஸ்மன். பந்தைப் பிடிக்கவும் ஆடினார், பிடிக்கவிடாமல் தடுக்கவும் ஆடினார், அநேகமாக ஆட்டம் முழுக்கக் களத்திலேயே நின்றார். ஐந்து நட்சத்திரம் பத்தாது என்று சொல்லலாம். ஆனால் அந்த இரண்டு வருடத்திலும் கொலராடோ தேசியப் பட்டத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஃபுட்பாலில் ஒற்றை ஆள் எவ்வளவு தூரம் இழுக்க முடியும் என்பதற்கு இதைவிட எல்லை கிடையாது.

24 ஜனவரி, சின்னதாக

அண்ணாச்சி: "2025-இல் நாங்கள் 11-1 அய்யா." ஆமாம். அப்புறம் பிளே ஆஃப் முதல் சுற்றில் மயாமியிடம் 10-3. அந்த மூன்று புள்ளியை நான் சொல்லாமலே விட்டிருப்பேன்.

27 ஜனவரி

கூடைப்பந்துக்கு வருகிறேன். தம்பியின் கட்சிக்கு ஆதரவான சாட்சியை முதலில் கூப்பிடுகிறேன், நியாயமாக இருக்கட்டும்.

2012 இறுதி ஆட்டம், கென்டக்கி 67, கேன்சஸ் 59. ஆந்தனி டேவிஸ், முதல் வருடப் பையன், பத்து ஷாட் போட்டு ஒன்றே ஒன்று உள்ளே. ஆறு புள்ளிதான். ஆனால் 16 ரிபவுண்ட், 6 பிளாக், 5 அசிஸ்ட், 3 ஸ்டீல். கடைசி நான்கு அணிகள் மோதும் அந்த ஃபைனல் ஃபோரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. பந்து கூடையில் விழாத நாளில் ஆட்டத்தைக் கையில் வைத்திருப்பது என்றால் என்ன என்று என் மகனுக்குக் காட்ட அந்த ஆட்டத்தைத்தான் போட்டுக் காட்டினேன். அவன் கண்ணுக்குப் புள்ளி மட்டுமே தெரியும், "ஆறா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். டேவிஸ் பள்ளியில் சேரும்போது சாதாரண உயரம், பந்தை ஓட்டிச் செல்லும் கார்டு இடத்தில் ஆடியவர். நடுவில் கிடுகிடுவென்று வளர்ந்து ஆறடி பத்து அங்குலம் ஆனார். அந்த வளர்ச்சிக்கு முன் பட்டியல் போட்டிருந்தால் அவர் பெயரே இருந்திருக்காது.

2015-இல் டியூக்கும் ஓகஃபோர், வின்ஸ்லோ, டயஸ் ஜோன்ஸ் என்று முதல் வருடப் பையன்களை வைத்தே ஜெயித்தது. அதோடு அந்தக் கதை நின்றுபோய்விட்டது. 2024-இல் கென்டக்கியில் டிலிங்ஹாம், ரீட் ஷெப்பர்ட் இருவரும் முதல் வருடம். ஓக்லண்ட் என்ற மிஷிகன் கல்லூரி 80-76 என்று வீட்டுக்கு அனுப்பியது. ஓக்லண்டின் ஜாக் கோல்கி மட்டும் மூன்று புள்ளி ஷாட் பத்து போட்டார். இவர் ஹில்ஸ்டேல் என்ற இரண்டாம் டிவிஷன் கல்லூரியில் ஆடி முடித்துவிட்டு மிச்ச வருடத்துக்கு வந்தவர். ஷெப்பர்டும் டிலிங்ஹாமும் அந்த வருட என்.பி.ஏ. டிராஃப்டில் முதல் பத்துக்குள். கோல்கிக்கு டிராஃப்டில் அழைப்பே இல்லை. அன்றைக்கு யார் ஜெயித்தது?

2025 இன்னும் நல்ல உதாரணம். டியூக்கில் கூப்பர் ஃபிளாக், நூப்பல், மலுவாச். மூவரும் அந்த வருட டிராஃப்டில் முதல் பத்துக்குள் போனவர்கள், ஃபிளாக் முதல் ஆள். ஜனவரியில் நோட்ர டேமுக்கு எதிராக 42 புள்ளி. ஃபைனல் ஃபோரில் ஹூஸ்டனோடு கடைசி நிமிடத்தில் ஆறு புள்ளி முன்னிலை. அதை விட்டார்கள். கல்லூரியில் ஆறாவது வருடம் இருந்த ஜ'வான் ராபர்ட்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோவைப் பதறாமல் போட்டார். அடுத்து ஃபிளாக் அவர்மேலேயே ஏறிப் போட்ட குட்டி ஷாட் வளையத்தின் முன்பக்கத்தில் பட்டு விழுந்தது. 70-67. ஃபிளாக் மோசமாக ஆடினார் என்று யாரும் சொல்ல முடியாது, 27 புள்ளி. எதிரில் நின்றவன் தோளில் அவனைவிட நாலைந்து வருடம் அதிகமாக ஏறியிருந்தது, அவ்வளவுதான்.

28 ஜனவரி

அந்த வருடம் பட்டம் வாங்கிய ஃபுளோரிடாவைச் சொல்லாமல் விட்டேன். வேண்டுமென்றேதான். அதற்குத் தனியாக இடம் வேண்டும்.

வால்டர் கிளேட்டன் ஜூனியர். பள்ளியில் ஃபுட்பாலும் ஆடினார், சேஃப்டி (பின்னால் நின்று எதிரணியின் பாஸைத் தடுப்பவர்). ஜார்ஜியா, நோட்ர டேம், ஃபுளோரிடா எல்லாம் ஃபுட்பாலுக்கு ஸ்காலர்ஷிப் தருகிறோம் என்று வந்து நின்றார்கள். இவர் கூடைப்பந்துதான் என்று பிடிவாதமாக இருந்தார். கூடைப்பந்தில் கூப்பிட்டவர்கள் சின்ன இடங்கள். நியூயார்க்குக்குப் பக்கத்தில் ஐயோனா போய் ரிக் பிட்டினோவிடம் இரண்டு வருடம். அப்புறம் 2023-இல் சொந்த மாநிலத்துக்குத் திரும்பி ஃபுளோரிடா. ஃபுட்பால் அணியில் இடம் தருகிறோம் என்ற அதே கல்லூரிக்கு அரையிறுதியில் ஆபர்னோடு 34 புள்ளி போட்டுக் கொடுத்தார். ஒரே பையனை ஒரு பட்டியல் கொண்டாடியது, இன்னொரு பட்டியல் ஓரமாக வைத்தது. இரண்டு பட்டியலும் ஒரே உடம்பைத்தான் பார்த்தன.

இறுதியில் ஹூஸ்டனோடு முதல் பாதியில் கிளேட்டனுக்குப் பூஜ்யம். மொத்தமே 11. ஃபுளோரிடா 12 புள்ளி பின்தங்கியிருந்து ஏறிவந்து 65-63. கடைசி நொடிகளில் ஹூஸ்டனின் இமானுவல் ஷார்ப் மூன்று புள்ளிக்கு எழும்பினார். கிளேட்டன் ஓடிவந்து முகத்துக்கு நேரே பறந்தார். ஷார்ப் காற்றில் இருந்தபடியே மனதை மாற்றிக்கொண்டு பந்தைக் கீழே விட்டார். விட்டபின் அவரே தொட்டால் டிராவல் என்ற தவறு, பந்து எதிரணிக்கு. பந்து தரையில் தட்டித் தட்டி நிற்கிறது, ஷார்ப் கையை இழுத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நிற்கிறார், அலெக்ஸ் காண்டன் அதன்மேல் குப்புற விழுகிறார், மணி முடிந்தது. ஒரு சேஃப்டி பாஸைத் தடுக்க எப்படிப் பாய்வானோ அப்படித்தான் கிளேட்டன் பாய்ந்தார் என்று நான் அன்றைக்கே கத்தினேன். மனைவி நம்பவில்லை.

அந்த அணியில் அலைஜா மார்ட்டின் ஃபுளோரிடா அட்லாண்டிக்கிலிருந்து, வில் ரிச்சர்ட் பெல்மான்ட்டிலிருந்து, சின்யேலு வாஷிங்டன் ஸ்டேட்டிலிருந்து. காண்டன் ஆஸ்திரேலியா. தம்பி, இது இண்டியானா ஃபுட்பாலின் அண்ணன் மாதிரி இல்லையா? ஒன்பது மாதம் முன்னால் பிறந்த அண்ணன்.

29 ஜனவரி

பெண்கள் ஆட்டம் எங்கே என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். நியாயம். அயோவாவின் கெய்ட்லின் கிளார்க். 2023-இல் லூயிவில்லோடு 41 புள்ளி, 12 அசிஸ்ட், 10 ரிபவுண்ட். அடுத்த ஆட்டம் அதுவரை 36-0 ஆக இருந்த சவுத் கரோலினாவோடு, மறுபடியும் 41. ஜெயித்தார்கள். இறுதியில் எல்.எஸ்.யூ.விடம் 102-85 தோல்வி. 2024 பிப்ரவரியில் மிஷிகனோடு 49 போட்டுக் கல்லூரியில் மொத்தப் புள்ளிக்கான பெண்கள் சாதனையைத் தாண்டினார், மார்ச்சில் ஆண்கள் சாதனையான பீட் மராவிச்சின் 3,667-ஐயும் தாண்டினார். மொத்தம் 3,951.

மராவிச் ரசிகர்கள் உடனே வருவார்கள் என்று தெரியும், அவர்கள் சொல்வதும் உண்மைதான். அவர் காலத்தில் மூன்று புள்ளிக் கோடே கிடையாது, முதல் வருடத்தில் ஆடவே விடமாட்டார்கள், மூன்று வருடத்தில் 83 ஆட்டம். கிளார்க் 139 ஆட்டம். மராவிச்சின் சராசரி 44.2, அதை யாரும் தொடப் போவதில்லை. இரண்டும் இருக்கட்டுமே, எதற்கு ஒன்றை எடுத்து ஒன்றை அடிக்கிறீர்கள்.

நம் விவாதத்துக்குத் தேவையானது வேறு: கிளார்க் ஐந்து நட்சத்திரம்தான், நோட்ர டேம் வேண்டாம் என்று வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த அயோவாவுக்குப் போனார், நான்கு வருடமும் அங்கேயே இருந்தார். பட்டம் வரவில்லை. ஆனால் முதலாம் வருடக் கிளார்க்கும் நான்காம் வருடக் கிளார்க்கும் ஒரே ஆள் இல்லை. வளர்வதற்கு அயோவா இடம் கொடுத்தது. ஆண்கள் பக்கம் அந்த அளவு திறமை ஒரு வருடத்தில் கிளம்பிவிடுகிறது.

1 பிப்ரவரி

"எல்லாம் பணம் அண்ணா, கோச் திறமை கீச் திறமை என்று கதை விடாதீர்கள்." பணம்தான், மறுக்கவில்லை. இண்டியானாவை ஏழை வீட்டுப் பிள்ளை மாதிரி காட்டுகிறவர்கள்மேல் எனக்கும் எரிச்சல். மார்க் கியூபன் அங்கே படித்தவர், ஃபுட்பாலுக்குப் பணம் கொடுத்திருக்கிறார். 2025 அக்டோபரில் சிக்னெட்டிக்கு எட்டு வருட ஒப்பந்தம், வருடத்துக்குச் சராசரி 1 கோடியே 10 லட்சம் டாலருக்கு மேல். பையன்கள் பெயர், முகத்தை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று 2021 ஜூலையில் கதவு திறந்தது. 2025 ஜூனில் கோர்ட்டு ஒப்புக்கொண்ட சமரசப்படி ஒரு கல்லூரி தன் விளையாட்டுக்காரர்களுக்கு முதல் வருடம் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாகவே பங்கு கொடுக்கலாம்.

ஆனால் பணம் ஏ அண்ட் எம்மிடமும் இருந்ததே? பணம் இருக்கிறவர்கள் ஒரு முப்பது கல்லூரி தேறும். எதை வாங்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் அதில் எத்தனை பேர்?

அதே சமரசத்தில் ஃபுட்பால் அணிக்கு 105 பேர்தான் என்று வரம்பும் வந்தது. முன்பு ஸ்காலர்ஷிப் 85 பேருக்கு, அதற்குமேல் சொந்தச் செலவில் வாக்-ஆன் பையன்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஓரத்தில் நிற்கலாம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மூன்று நாள் கழித்து பிப்ரவரி கையெழுத்து நாள் வருகிறது.

4 பிப்ரவரி, ராத்திரி

எங்கள் தெருவில் ஒரு பையன், என் மகனோடு படிக்கிறவன், பெயரும் பள்ளியும் வேண்டாம். குவாட்டர்பேக்கைக் காக்கும் அஃபென்சிவ் லைனில் நிற்பவன். வாசற்படியில் குனிந்துதான் எங்கள் வீட்டுக்குள் வருவான், என் மனைவி சுடும் தோசையை எண்ணாமல் தின்பான். போன கோடை முழுக்கக் கல்லூரிக் கோச்சுகள் பார்க்கும் கேம்ப் கேம்ப்பாக அவன் அப்பா வண்டி ஓட்டினார். ஒவ்வொரு இடத்திலும் கட்டணம், மோட்டல், பெட்ரோல். கோச்சுகள் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள், 'உன் கால் அசைவு பிடித்திருக்கிறது', 'இந்த வாரம் ஆட்டம் எப்படி' என்று. டிசம்பரில் முதல் கையெழுத்து நாள் போனது. ஜனவரி 2-ஆம் தேதி, கல்லூரி மாற நினைக்கும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் திறந்தது. அன்றையிலிருந்து அந்தப் போன் சும்மா கிடக்கிறது. எதிலும் முடிவு சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இன்றைக்கு மாலை அவன் அம்மா வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார், "ஒரு கோச்சாவது இல்லை என்று சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

கோச்சைத் திட்டிப் பயனில்லை. இருபத்திரண்டு வயதில், முப்பது ஆட்டம் ஆடிய லைன்மன் போர்ட்டலில் கிடைக்கும்போது பதினெட்டு வயதுக்காரனை மூன்று வருடம் சோறு போட்டு வளர்க்க யாருக்குப் பொறுமை? வளர்ந்ததும் அவன் வேறு இடத்துக்குப் போய்விடுவான் என்றும் தெரியும்.

இண்டியானா ஜெயித்தபோது குதித்தவன்தான் நான். ஆனால் மென்டோசாவை வளர்த்தது பெர்க்லி. ஃபிஷரையும் பாண்ட்ஸையும் முதலில் எடுத்தது ஜேம்ஸ் மேடிசன். சாரட்டைக் கண்டுபிடித்தது செயின்ட் பிரான்சிஸ். எல்லோருமே நான் புகழ்ந்த மாதிரி 'செய்து காட்டியவனை மட்டும் எடுப்பேன்' என்று உட்கார்ந்தால், செய்து காட்ட முதல் களம் யார் கொடுப்பார்கள்?

5 பிப்ரவரி

"நம் ஊர் விளையாட்டு ஒதுக்கீடு மாதிரிதானே?" என்று கேட்டவருக்கு: கொஞ்சம்தான். அங்கே நான் படிக்கும்போது கூடைப்பந்துச் சான்றிதழை வைத்துக் கல்லூரியில் இடம் வாங்கினவர்கள் உண்டு. ஆனால் சேர்ந்த கல்லூரியை விட்டு வருடா வருடம் ஏலம் மாதிரி மாறவெல்லாம் முடியாது. ஹாஸ்டல் சாப்பாடு இலவசம் என்றாலே பெரிய விஷயம்.

8 பிப்ரவரி

கூடைப்பந்து வீரர் ஸ்டீபன் கறி இல்லாமல் இந்த விவாதம் முடியாது என்று பந்தயம் கட்டியிருந்தேன், ஒருவர் கொண்டுவந்துவிட்டார். அப்பா டெல் கறி ஆடிய வர்ஜீனியா டெக் வாக்-ஆனாக வேண்டுமானால் வா என்றது, பையன் டேவிட்சன் போனார். 2008 மார்ச்சில் கொன்சாகாவோடு 40, ஜார்ஜ்டவுனோடு 17 புள்ளி பின்னாலிருந்து மீண்டு 30, விஸ்கான்சினோடு 33, கேன்சஸோடு 25. அந்தக் கடைசி ஆட்டம் 59-57 தோல்வி. கடைசிப் பந்தில் இரண்டு பேர் சுற்றி நின்றதால் ஜேசன் ரிச்சர்ட்ஸுக்குக் கொடுத்தார், அது போகவில்லை. மாணவர்கள் டெட்ராய்ட் போய்ப் பார்க்கப் பஸ்ஸும் தங்கும் இடமும் கல்லூரி அறங்காவலர்களே ஏற்பாடு செய்தார்கள்.

இன்றைக்கு அதே மார்ச் நடந்தால் ஏப்ரலில் கறி எங்கே இருப்பார்? டேவிட்சனில் இருக்க மாட்டார். அதில் தப்பும் இல்லை, அவர் உழைப்பு, அவர் விலை. ஆனால் முதல் வருடம் அவரை எடுத்த மாதிரி ஒல்லிப் பையனை எடுக்க இன்றைக்கும் டேவிட்சன் மாதிரி இடங்கள்தான் இருக்கின்றன. ஓரத்தில் நின்ற பையனுக்கு முன்பு இருந்த கதவுகளில் பெரிய கல்லூரிக் கதவு மூடிவிட்டது, சின்னக் கதவு திறந்தே இருக்கிறது, அதன் வழியாகப் பெரிய வீட்டுக்குள் போக இரண்டு வருடம் ஆகும். தெருப்பையனின் அப்பாவிடம் இதைத்தான் சொன்னேன். அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த நாள் இரண்டு இரண்டாம் டிவிஷன் கல்லூரியின் பெயரைச் சொல்லி எது எவ்வளவு தூரம் என்று கேட்டார்.

8 பிப்ரவரி, சற்றுக் கழித்து

இண்டியானாவின் ஓமர் கூப்பரை மறந்துவிட்டீர்களே என்று ஒருவர். மறக்க முடியுமா? பென் ஸ்டேட் மைதானம், நவம்பர் 8, இன்னும் அரை நிமிடம் சொச்சம். கோட்டுக்குப் பின்னால் எகிறி, பந்து கையில் அடங்கும்போது உடம்பு முழுக்க வெளியே போய்விட்டது, ஒரு காலின் நுனி மட்டும் உள்ளே புல்லைத் தொட்டது. 27-24. கூப்பர் இண்டியானாபோலிஸ் பையன், சிக்னெட்டி வருவதற்கு முன்பே அங்கே சேர்ந்து, மாறாமல் நின்றவர். என் வாதத்தில் ஓட்டை போடுகிறவர். போடட்டும், அந்தப் பந்தைப் பிடித்ததற்கு அவருக்கு அந்த உரிமை உண்டு.

12 பிப்ரவரி

தம்பி கடைசியாகக் கேட்டது: அப்போ எந்தப் பட்டியலைப் பார்ப்பது?

ஃபுட்பாலில் பள்ளிப் பட்டியலை மொத்தமாகப் பார், தனி ஆளாகப் பார்க்காதே. நான்கு வருடச் செட்டுகளைக் கூட்டிப் பார்த்தால் ஒஹாயோ ஸ்டேட், ஜார்ஜியா, அலபாமா எப்படியும் மேலேதான் இருக்கும், பெரும்பாலும் ஜனவரியிலும் இருக்கும். அதன் பக்கத்திலேயே போர்ட்டலில் யார் வந்தார்கள், எத்தனை ஆட்டம் ஆடியவர்கள் என்று பார். கூடைப்பந்தில் அணியின் வயதைப் பார். முதல் ஐந்து பேரில் மூன்று பேர் நான்காம் வருடம் என்றால் மார்ச் போட்டியில் யார் ஜெயிப்பார்கள் என்று எழுதும் உன் பந்தயக் காகிதத்தில் அவர்களை இரண்டு சுற்றாவது தள்ளி எழுது. டியூக்கில் இந்த வருடம் கேமரன் பூசர், பி.ஒய்.யூ.வில் டிபான்ட்சா, கேன்சஸில் டாரின் பீட்டர்சன், மூவரும் முதல் வருடம், மூவரையும் பார்க்க எனக்கு ஆசைதான். என் காகிதத்தில் மூவரையும் பட்டம் வரை எழுத மாட்டேன்.

மென்டோசா டிராஃப்டுக்குப் போகிறார். அடுத்த குவாட்டர்பேக் டி.சி.யூ.விலிருந்து ஜோஷ் ஹூவர், நிறைய ஆட்டம் ஆடியவர், போர்ட்டல் வழியாகத்தான். இண்டியானா அடுத்த வருடம் பத்து ஆட்டம் ஜெயிக்காது என்று டெக்சஸ் அண்ணாச்சி சவால் விட்டிருக்கிறார். நான் ஜெயித்தால் அவர் வீட்டில் பிரியாணி, தோற்றால் நான் ஏ அண்ட் எம் சட்டை போட்டுக்கொண்டு படம் அனுப்ப வேண்டும். சட்டை எனக்கு எக்ஸ்எல் அண்ணாச்சி, இப்போதே சொல்லி வைக்கிறேன், ஆனால் வாங்கிவிடாதீர்கள்.